அக்காவுக்கு ஒரு மத்தியானம்

அன்புள்ள சார்,

உங்களுக்கு எழுத ரொம்ப நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். என் அக்கா மகனுக்கு வயது 22. இரண்டு வருடத்துக்கு முன்பு மனச்சிதைவு என்று சொன்னார்கள். மாத்திரை சாப்பிடுகிறான், காதில் கேட்கும் குரல்கள் குறைந்திருக்கின்றன. ஆனால் பாதி நாள் அறையை விட்டே வெளியே வருவதில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள், நாள் முழுக்க அவன் கூடவே இருக்கிறாள். அவனைத் திட்டுகிறாள், பிறகு தனியாகப் போய் அழுகிறாள். அத்தான் வேலை வேலை என்று இருக்கிறார். நான் தினமும் போன் பண்ணி தைரியம் சொல்கிறேன், இப்போதெல்லாம் என் போனையே அவள் எடுப்பதில்லை. ஒரே நிம்மதி, அவள் மகள் சமர்த்து, தானுண்டு தன் படிப்புண்டு என்று இருக்கிறாள். அக்காவின் மனதைத் தேற்றுகிற மாதிரி ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன். இன்னொன்று, இது பரம்பரையாக வருமா? எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மனச்சிதைவு பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருகிறது. நோய் வந்தவரின் சித்தி, பெரியம்மா பிள்ளைகளுக்கு அது நூற்றில் இரண்டு பேர் என்ற அளவில் இருக்கலாம். மீதி 98 பேருக்கு வருவதில்லை. உங்கள் பிள்ளைகளை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

புத்தகம் வேண்டாம். தூக்கம் இல்லாமல் கிடக்கிறவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தால், அதைப் படிக்கவில்லையே என்கிற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா? எடுத்ததும் என்ன கேட்பீர்கள்? சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா, இன்றைக்குப் பரவாயில்லையா. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொல்லி முடித்ததும் ‘தைரியமா இரு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அவளுடைய நாளில் அதனால் என்ன மாறியது? உங்கள் மனசு லேசாகிறது, அவ்வளவுதான். கோபப்படாதீர்கள். அக்கா மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் கடிதம் முழுக்கத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. ‘அக்கா வேலையை விட்டுவிட்டாள், நாள் முழுக்க அவன் கூடவே இருக்கிறாள்.’ அதை அவளுடைய தியாகமாக எழுதியிருக்கிறீர்கள், சுற்றியிருப்பவர்களும் அம்மா என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

என் பெரியம்மா மகனுக்கும் இதே நோய். பெரியம்மா அவனை விட்டு நகர மாட்டார். அண்ணன் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, தண்ணீர் விழும் சத்தம் இடையில் நின்றுபோகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாத்திரை அட்டையை ஒரு நாளில் பல தடவை எடுத்து, காலியான குழிகளைக் கட்டைவிரலால் தடவித் தடவி எண்ணுவார். அண்ணன் இருமினால் சமையலறையிலிருந்து ‘என்னடா’ என்று குரல் வரும், அவன் பதில் சொல்லாவிட்டால் அடுத்த நிமிடம் ஆளே வந்து நிற்பார். அதற்காகவே அவன் இருமலை அடக்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ராத்திரி தூக்கமே கிடையாது, விடிந்ததும் எரிச்சல், எரிந்து விழுந்த பிறகு அழுகை. உறவுக்காரர்கள் வந்தார்கள். இன்னும் கண்டிப்பாக இரு என்றார் ஒருவர். செல்லம் கொடுத்துக் கெடுத்ததே நீதான் என்றார் இன்னொருவர். வந்தவர்கள் பெரியம்மாவுக்கு வேலை வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. பெரியப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மத்தியானம் வருவார், செஸ் பலகையை விரிப்பார், அண்ணன் வந்து உட்கார்ந்தால் ஆடுவார், வராவிட்டால் அவர் பாட்டுக்குப் பேப்பர் படிப்பார். பெரியம்மாவிடம் ‘நீங்க போய்ப் படுங்க, ஆறு மணிக்கு எழுப்புறேன்’ என்பார். ஆரம்பத்தில் பெரியம்மா போகவில்லை, கதவோரமே நின்றுகொண்டிருந்தார். சில வாரங்கள் கழித்து உள்ளே போய்ப் படுத்தார். அப்புறம் ஒரு சனிக்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு வெளியிலேயே கிளம்பிவிட்டார். அன்றைக்கு அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னான், ‘சனிக்கிழமைதான்டா இந்த வீட்ல மூச்சு விட முடியுது.’ அம்மா மேல் உயிரையே வைத்திருந்தவன் சொன்னது இது.

அந்த அண்ணன் சொன்னதை லண்டனில் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1950களில் புதிய மருந்துகள் வந்து, மனநல மருத்துவமனைகளில் வருடக்கணக்காக அடைந்து கிடந்தவர்கள் வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். அவர்களில் யார் மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்கள்தான், வாடகை அறைக்கோ அண்ணன் தம்பி வீட்டுக்கோ போனவர்களை விட அதிகமாகத் திரும்பி வந்தார்கள். பாசம் அதிகமாக இருக்கிற இடத்தில்தான் நோயும் திரும்புகிறதா என்று அவருக்கே குழப்பம். இதில் உங்கள் அக்காவுக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: அம்மாவோடு வாழ்ந்தவர்களில், அம்மாவோ மகனோ வெளியே வேலைக்குப் போய்வந்த வீடுகளில் நோய் திரும்புவது குறைவாக இருந்தது.

1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு 9 மாதக் கணக்கு. குறை சொல்வதும் அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பதும் இல்லாத, பதற்றம் குறைந்த வீடுகளில் 13 சதவீதம் பேருக்கு நோய் மறுபடி முற்றியது. பதற்றமான வீடுகளில், குடும்பத்தோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களில் 69 சதவீதம். அதே பதற்றமான வீடுதான், ஆனால் 35 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் 28 சதவீதம். 69 எங்கே, 28 எங்கே. அந்த அம்மாக்கள் யாரும் ராத்திரியோடு ராத்திரியாகப் பொறுமைசாலியாக மாறிவிடவில்லை, கூடவே இருக்கிற நேரம்தான் குறைவு. 35 மணி என்பது ஒரு நாளைக்கு 5 மணி நேரம். உங்கள் அக்கா விழித்திருக்கிற நேரம் முழுக்க அவன் பக்கத்தில் இருக்கிறாள் என்றால் வாரத்துக்கு நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

இதை எடுத்துக்கொண்டு போய் ‘உன்னாலதான் அவனுக்குச் சரியாகலை’ என்று அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வளர்ப்பு சரியில்லாத தாயால்தான் மனச்சிதைவு வருகிறது என்று 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர் ஒரு கருத்தைக் கிளப்பிவிட்டார். பிற்பாடு அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனாலும் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள், இன்னும் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். லண்டன் ஆட்கள் பார்த்தது நோய் எதனால் வருகிறது என்பதை இல்லை, வந்த நோய் எப்போது மறுபடி முற்றுகிறது என்பதை. குரல் கேட்கிறது என்றால் அது நோய் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். படுத்தே கிடக்கிறான், குளிக்க மாட்டேன் என்கிறான் என்றால் சோம்பேறித்தனம் என்று தோன்றும். அதுவும் நோய்தான். அக்கா திட்டுவது பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும், பாவம், இடைவேளையே இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது அந்தச் சனிக்கிழமை மனிதர் செய்தது. வாரத்தில் ஒரு மத்தியானம், கிழமை மாறக் கூடாது, முடிந்தால் போகிறேன் என்கிற கதை கூடாது. அவள் அதை நம்பி வாரம் முழுக்க ஓட்ட வேண்டும் இல்லையா. நீங்கள் தூரத்தில் இருந்தால், பக்கத்தில் இருக்கிற, அவனுக்குப் பிடித்த யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள், செலவு ஆனால் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே போய் அவனை விசாரிக்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், குரல் கேட்பது நிஜமா பொய்யா என்று வாதாடாதீர்கள். தூங்கினால் தூங்கட்டும். அக்கா வெளியே போய் என்ன செய்தாள் என்றும் கேட்காதீர்கள். அவன் 22 வயது ஆள், மருத்துவர் சரி என்றால் சில மணி நேரம் தனியாகவும் இருக்கலாம், அவனுக்கும் அது வேண்டும். கொஞ்சம் பழகியதும் அரை நாள் வேலைக்காவது திரும்புவதைப் பற்றி அக்காவிடம் பேச்செடுங்கள், பணத்துக்காக இல்லை. மாத்திரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் நிற்கக் கூடாது. சாக வேண்டும் என்று அவன் பேசினாலோ, யாரையாவது அடிக்கப் போனாலோ இந்த ஏற்பாடு எதுவும் பொருந்தாது, அவனைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும்.

அத்தானைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், ஏதோ மாற்றவே முடியாத விஷயம் மாதிரி. அவன் அவருக்கும் மகன்தானே. ஒரு சாயங்காலம் அவர் பொறுப்பு என்று அக்கா சொல்ல மாட்டாள், நீங்கள் சொல்லுங்கள்.

அவன் மருத்துவரிடம், குடும்பத்தினர் கூடிப் பேசும் குழு ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லெஃப் குழுவினர் 1982இல், கொஞ்சம் நிதானமாகச் சமாளிக்கிற குடும்பங்களையும் திணறுகிற குடும்பங்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள், நோயைப் பற்றிச் சொல்லியும் கொடுத்தார்கள். அப்படிச் செய்த வீடுகளில் நோய் திரும்புவது நன்றாகவே குறைந்தது. இதே நிலையில் இருக்கிற இன்னொரு அம்மா ‘நான் மத்தியானத்தில் வெளியே போய்விடுவேன்’ என்று சொன்னால் உங்கள் அக்கா கேட்பாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

இன்னொரு விஷயம். அவள் மகள் சமர்த்து, அதுதான் ஒரே நிம்மதி என்கிறீர்கள். எனக்கு அது நிம்மதியாகப் படவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பாரம் இருக்கிறது, நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்ட பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள். மார்க் குறைந்தால் சொல்ல மாட்டார்கள், காய்ச்சல் வந்தால் சொல்ல மாட்டார்கள். தனக்கும் இது வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருப்பார்கள், அதையும் சொல்ல மாட்டார்கள். தினமும் ஒரு போன் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தப் பெண்ணுக்குப் பண்ணுங்கள். அண்ணனைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள், அவளைப் பற்றிக் கேளுங்கள். ஒரு நாள் அவளாகவே அண்ணன் பேச்சை எடுப்பாள். அப்போது போனை வைத்துவிட அவசரப்படாதீர்கள்.

அன்புடன்.