திருநெல்வேலியிலிருந்து அணையும் மலையும் பார்க்க எந்த வழியில் சைக்கிள் ஓட்டலாம்?

கேள்வி இது: "புதிதாக ஒரு ரோடு பைக் வாங்கியிருக்கிறேன். திருநெல்வேலியில் கிளம்பி, அணை, மலை இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே நாளில் வீடு திரும்ப நல்ல வழி எது? மாஞ்சோலை ஏற முடியுமா?"

முதல் தடவைக்கு மணிமுத்தாறு அணை. வேறு யோசனையே வேண்டாம். ஒரு வழிக்கு 45 கிலோமீட்டர் போல வரும். போக வர 90 என்றதும் பயப்பட வேண்டாம், அம்பாசமுத்திரம் வரைக்கும் ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. தாமிரபரணி இறங்கி வரும் பாதையில் நாம் எதிர்த்துப் போகிறோம், அவ்வளவுதான். கால் அறியாத சரிவு.

அணைக்கு மேலே மலையில் இருக்கும் மாஞ்சோலை ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவித்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். யானை, கரடி, சிறுத்தை எல்லாம் நடமாடும் காட்டுக்குள் சத்தமே இல்லாமல் போகிற வண்டி சைக்கிள். வளைவில் கரடி நின்றால் அதற்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடிவாரத்து ஊர்களுக்குள்ளேயே கரடி வந்து போகிறது. செக்போஸ்ட்டோடு திரும்புவது கட்டுப்பாடு என்பதற்காக மட்டும் இல்லை, அதுதான் சரியும்கூட.

சரி, வழிக்கு வருவோம். ஆற்றின் தென்கரைச் சாலையைப் பிடியுங்கள். மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பத்தமடை வரும்போது விடிந்துவிடும். கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர். சேரன்மகாதேவி தாண்டியதும் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசானத்தில், அதாவது ஐப்பசி நடவு முடிந்து மார்கழி, தை மாதங்களில் போனால் கண்ணுக்கு எட்டின தூரம் பச்சைதான். காருகுறிச்சியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் குவித்து வைத்த களிமண்ணைப் பார்க்கலாம், அந்த ஊர்ப் பானை இன்றைக்கும் சுற்றுவட்டாரம் முழுக்கப் போகிறது.

ஏன் இந்த வழியை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மேற்கே போகும்போது மலை கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கோபாலசமுத்திரத்தில் அது நீலமாக ஒரு கோடு. வீரவநல்லூரில் மடிப்பு மடிப்பாகப் பிரியும். கல்லிடைக்குறிச்சியில் ஓடை விழும் பாறை தனியாகத் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதால் காலை வெயில் நேராக மலையின் முகத்தில் விழும், ஒன்பது மணிக்கு மேல் மேகம் உச்சியை மூடிவிடும். காரில் இதே சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒரு முறைகூட இதைக் கவனித்ததில்லை. இரண்டு மணி நேரம் மலையை நோக்கியே மிதித்தால்தான் அது நம்மைப் பார்த்து வருவது போல இருக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் சாப்பிட்டுவிடுங்கள். இட்லியும் ஒரு டம்ளர் காபியும் போதும். அப்பளம் வாங்குவதாக இருந்தால் திரும்பி வரும்போது வாங்குங்கள், முதுகுப் பையில் நொறுங்காமல் இருக்கும். அங்கிருந்து தெற்கே திரும்பி சிங்கம்பட்டி வழியாக அணை. இந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள்தான் லேசான ஏற்றம் வரும், கியரைக் குறைத்துக்கொண்டு நிதானமாகப் போங்கள். மாஞ்சோலைக் காடு முன்பு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தம். 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு விட்டுத்தான் மேலே தேயிலை வந்தது.

அணையின் மண் கரை கிட்டப் போகப் போக நீண்டுகொண்டே இருக்கும். கண்ணுக்கு ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஒரே கரை. 1958-ல் காமராஜர் காலத்தில் கட்டி முடித்தது. நீர்மட்டம் 118 அடி, கொள்ளளவு ஐந்தரை டி.எம்.சி. இதற்கு முன்னால் வெள்ளக் காலத்தில் மணிமுத்தாற்றுத் தண்ணீர் தாமிரபரணியில் கலந்து அப்படியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்து வைத்து நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து மானாவாரிக் குளங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். என் அம்மா பிறந்த ஊர் அந்தக் கால்வாயின் கடைசி ரீச்சில், அதாவது கடைசிப் பகுதியில் இருக்கிறது. அணை நிறையாத வருடம் எங்கள் குளத்தில் ஆடு மேயும். அதனால் நான் அங்கே போனதும் முதலில் பார்ப்பது மலையை இல்லை, தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான். பத்திரிகையில் தினமும் போடுகிறார்கள் என்றாலும் நேரில் பார்ப்பது வேறு. இந்த அணை வடகிழக்குப் பருவமழையில்தான் பெரும்பாலும் நிறையும், ஆகவே மார்கழிக் கடைசியிலும் தையிலும் போய்ப் பாருங்கள்.

அடுத்தது காற்று. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தைக் கேட்கிறார்கள், காற்றைக் கேட்பதில்லை. நம் ஊரில் வைகாசிக் கடைசி தொடங்கி ஆவணி வரைக்கும் மேற்குக் காற்று. கணவாய் வழியாகப் புகுந்து சமவெளியில் அடித்து நொறுக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குப் பழமொழி இல்லை, நேரில் கண்டது. ஒரு ஆடி மாதம் நான் பிடிவாதமாகக் கிளம்பி, வீரவநல்லூர் போய்ச் சேரவே இரண்டேகால் மணி நேரம் ஆனது. சம தரையில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம். சிங்கம்பட்டிக்கு முன்னால் டயரும் போனது. சாலை ஓரம் உட்கார்ந்து டியூப் மாற்றிக்கொண்டிருந்தபோது வயலுக்குப் போன ஒரு பெரியவர் நின்றார். "தம்பி, ஓரத்துல மிதிச்சிராதிய. உடமுள்ளு வெட்டிப் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த டயரை வாங்கி உள்பக்கம் விரலால் தடவி இன்னொரு முள்ளை எடுத்துக் கொடுத்தார். அதை நான் விட்டிருந்தால் மாற்றிய டியூபும் அடுத்த கிலோமீட்டரிலேயே போயிருக்கும். "அண்ணாச்சி, ரொம்ப நன்றி" என்றேன். "காத்து உச்சிக்கு மேல இன்னும் கூடும், சீக்கிரம் திரும்பிருங்க" என்றார். திரும்பும்போது அதே காற்று முதுகில். மிதிக்காமலே சேரன்மகாதேவி வந்துவிட்டது போல இருந்தது.

அதிலிருந்து ஆடியில் நாங்கள் செய்வது இது: நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டியானை, அதாவது சின்ன சரக்கு வண்டி பிடித்து, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் இறங்குவோம். அணையைப் பார்த்துவிட்டு காற்றோடு வீட்டுக்கு ஓட்டி வருவோம். ஆனால் ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கமே வேண்டாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டம், வேன், பஸ் எல்லாம் அந்தச் சாலைகளில்தான்.

டயர் விஷயம் சொல்லிவிடுகிறேன். ரோடு பைக்கோடு வந்த ஒல்லி டயர் நம் சாலைக்குத் தாங்காது. உங்கள் ஃபிரேமில் இடம் இருந்தால் 28 அல்லது 32 மி.மீ. போடுங்கள். உடைமரமும் சீமைக்கருவேலமும் இல்லாத சாலை நம்மிடம் கிடையாது. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எந்த ஊரிலும் சைக்கிள் கடை திறந்திருக்காது.

மணிமுத்தாறு பழகிய பிறகு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப் பாலம் தாண்டி விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் காலை நனைத்துவிட்டு வடக்கே ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடனா அணை, கடையம். பாரதியார் சில காலம் இருந்த செல்லம்மாளின் ஊர் கடையம். கடனா அணை சின்னது, 85 அடிதான், ஆனால் மலை மடிக்குள் உட்கார்ந்திருக்கும். ஆள் நடமாட்டம் குறைவு. எனக்கு மணிமுத்தாற்றைவிட இது மனதுக்கு நெருக்கம், ஆனாலும் முதல் தடவைக்கு இதைச் சொல்ல மாட்டேன். கடையம் பக்கம் கல், மணல் ஏற்றிய டிப்பர் லாரிகள் வேகமாக வரும். ஓரத்தில் நிதானமாகப் போகக் கை பழகியிருக்க வேண்டும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு போகும் மலைச்சாலையும் காப்பகத்துக்குள்தான், அதனால் அங்கேயும் செக்போஸ்ட்டோடு திரும்புங்கள்.

இன்னொன்று சேரன்மகாதேவியில் தெற்கே பிரிந்து களக்காடு, திருக்குறுங்குடி. வலது கைப்பக்கம் முழுக்க மலை, இடது கைப்பக்கம் வாழை. நம்பி கோயிலைப் பார்த்துவிட்டு ஏர்வாடி, நாங்குநேரி வழியாக நான்குவழிச் சாலையில் வரலாம். அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டர் எனக்குப் பிடிக்காது, வெயிலும் லாரியும்தான். முடிந்தால் வந்த வழியே திரும்புங்கள்.

மாசி, பங்குனியில் போனால் ஒன்று மட்டும் கவனம். பிசான அறுப்பு முடிந்து சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். காரும் பஸ்ஸும் அதன்மேல் ஏறிப் போகும், நாமும் போகலாமே என்று தோன்றும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நெல்மணியில் ஒல்லி டயர் வழுக்கிவிடும், கீழே விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதோடு அது ஒரு வீட்டின் ஆறு மாத உழைப்பு. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பார்கள். தள்ளிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் "எந்த ஊருப்பா, தண்ணி குடிக்கியா?" என்று கேட்பார்கள். உட்கார்ந்து குடித்துவிட்டுப் போங்கள்.