ஜமீன் ஒழிந்ததால் குத்தகை நிலம் சொந்தமாகிவிடுமா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: தாத்தா காலத்திலிருந்து ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம் வாய்மொழிக் குத்தகை. நிலக்காரரின் பிள்ளைகள் விற்கப்போகிறார்களாம். ‘ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி உழுகிறவனுக்கே நிலம், பட்டா வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்கிற 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஜமீன், இனாம் (கொடையாக விட்ட நிலம்) எஸ்டேட்டுகளுக்கு வந்தது. தஞ்சை ஜில்லாவில் பெரும்பகுதி ரயத்துவாரி, அதாவது இடையில் ஜமீன் இல்லாமல் நிலக்காரரான மிராசுதாரே சர்க்காருக்கு நேரடியாக வரி கட்டியவர், அதனால் அவர் நிலம் அவரிடமே இருந்தது. கேரளத்தில் 1970இல் குத்தகைதாரரை உடைமையாளர் ஆக்கினார்கள். இங்கே செய்யவில்லை. நிலப்பிரபுத்துவம் போய்விட்டது என்று மேடையில் சொல்லிவிடலாம், ஆனால் நம் பக்கம் பண்ணையாள் மெல்லத் தினக்கூலி ஆனாரே தவிர நிலம் அவர் கைக்கு வரவில்லை. 1968இல் நாகப்பட்டினம் பக்கம் வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தார் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் கூலித் தகராறில்தான்.

உங்கள் பலம் 1955இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். எழுத்து இல்லாவிட்டாலும் நீங்கள் சாகுபடி குத்தகைதாரர், நிலத்தை யார் வாங்கினாலும் அதற்காக மட்டும் உங்களை வெளியேற்ற முடியாது. நீங்களோ வீட்டாரோ வயலில் இறங்கிப் பாடுபட வேண்டும், உள்குத்தகைக்கு விட்டால் போச்சு. பாக்கியும் வைக்காதீர்கள். குத்தகையை வாங்க மறுத்துவிட்டு, அப்புறம் ‘பாக்கி’ என்று வழக்குப் போடுவது பழைய தந்திரம். மறுத்தால் வருவாய் நீதிமன்றத்தில் கட்டிவிடுங்கள்.

1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றத் தாலுகா அலுவலகத்தில் மனு கொடுங்கள். அடங்கல் (கிராமத்துச் சாகுபடிக் கணக்கு) நகல், ரசீது, பக்கத்து வயல்காரர் சாட்சி, எது கிடைத்தாலும் சேருங்கள். அலைய விடுவார்கள். சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டியும் பாடுபடுகிறவன் பெயரை ஒரு பதிவேட்டில் எழுத இத்தனை நடை நடக்கவிடுவது அநியாயம்தான், ஆனாலும் விடாதீர்கள், மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்று மட்டும் விலக்கு, குடியிருப்பு மனை. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் அந்த மனையை 1971 சட்டம் சொந்தமாக்கியது. மனைக்குத்தான், வயலுக்கு இல்லை. வீடு நிற்கிற இடம் வேறு, நாற்று நடுகிற இடம் வேறு. இடைத்தரகர் காட்டுகிற ‘பக்கத்துத் தெருக்காரர் பட்டா’ பெரும்பாலும் இந்த மனைப் பட்டாவாகத்தான் இருக்கும், சர்வே எண்ணைக் கேட்டுப் பாருங்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கே அது குத்தகையை விட்டுக்கொடுத்த எழுத்தாக மாறும்.