ஏசா எங்கே?

அன்புள்ள ஐயா,

பைபிளில் ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு இரவெல்லாம் முகமறியா ஒருவரோடு போராடுவதை நான் அகக்குறியீடாகவே வாசிக்கிறேன். யாப்போக்கு ஆறு ஆழ்மனம், எதிராளி உயர்பிரக்ஞை, சுளுக்கிய தொடைச்சந்து யோகம் சொல்லும் மூலாதாரச் சக்கரம். என் நண்பர் விசுவாசி. இது வேதத்துக்கு அவமதிப்பு என்கிறார். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. என் வாசிப்பு சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவமதிப்பெல்லாம் இல்லை. அப்போஸ்தலன் பவுலே கலாத்தியருக்கு எழுதும்போது ஆபிரகாமின் இரு பெண்களான ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாக வாசிக்கிறார். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யூத ஞானி பிலோ, மோசேயின் நூல்களை ஆன்மாவின் கதையாக வாசித்தார். மூலாதாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இதற்கு இது என்று பட்டியல் போட்டுவிட்டால் அப்புறம் கதை எதற்கு?

கொஞ்ச நாளாக நானும் இந்தக் கதையைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உங்கள் கடிதத்தில் ஆறு இருக்கிறது, இரவு இருக்கிறது. ஏசா எங்கே? 400 ஆட்களோடு அண்ணன் எதிரே வருகிறான் என்ற பயத்தில்தானே அந்த இரவே வந்தது? கண் மங்கிய தகப்பன் "நீ யார்?" என்று கேட்டபோது "நான் ஏசா" என்று சொல்லி அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தைத் தட்டிப் பறித்தவன் இந்தத் தம்பி. தாய்மாமன் லாபானிடம் 20 வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பும் வழியில், இருட்டில் ஒருவர் "உன் பேர் என்ன?" என்கிறார். இந்த முறை "யாக்கோபு" என்கிறான். இதைவிட என்ன பிரக்ஞை வேண்டும் உங்களுக்கு?

அண்ணனுக்கு முன்கூட்டி அனுப்பிய வெகுமதியைப் பாருங்கள். 200 வெள்ளாடு, 20 கடா, 200 செம்மறி, 20 ஆட்டுக்கடா, பால் கொடுக்கும் 30 ஒட்டகம் குட்டிகளோடு, 40 பசு, 10 காளை, 20 கழுதை, 10 குட்டி. இதில் எந்த ஒட்டகம் எந்தச் சக்கரம்? சொல்லுங்கள் பார்ப்போம். குற்றவாளி இப்படித்தான் எண்ணிக்கொண்டிருப்பான். எனக்குத் தெரியும்.

பதினோரு வருஷம் நானும் அண்ணனும் பேசவில்லை. தப்பு என்னுடையது. ஒருநாள் கிளம்பிப் போனேன். அண்ணிக்கு, பிள்ளைகளுக்கு, பேரனுக்கு என்று ஆறு பைகள். வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன். ஏதாவது விட்டுப்போனால் அதைச் சாக்கிட்டே திருப்பி அனுப்பிவிடுவார் என்று பட்டது. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து "யாரு?" என்றார். பேரைச் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் பெனியேலில், அந்தப் போராட்டம் நடந்த இடத்திலேயே, நின்றுவிட்டீர்கள். தேவனை முகமுகமாய்க் கண்டாயிற்று, பிரக்ஞை விழித்தாயிற்று, சுபம்! அடுத்த அதிகாரத்தைப் புரட்டக்கூட உங்களுக்குப் பொறுமையில்லை. அங்கே யாக்கோபு நொண்டிக்கொண்டே போய் ஏழுமுறை தரைமட்டும் குனிகிறான். ஏசா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்போது யாக்கோபு சொல்கிறான்: உம்முடைய முகத்தைக் கண்டது தேவனுடைய முகத்தைக் கண்டதுபோல இருக்கிறது என்று. முந்தின இரவு பார்த்த அதே முகம். அகம் அகம் என்கிறீர்களே, அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்தீர்களா?

அண்ணன் இன்னொரு தடவை "யாரு?" என்று கேட்டுவிட்டு அவரே வந்து திறந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமாகியிருந்தார். பைகள் சாயங்காலம்வரை வாசலிலேயே கிடந்தன.