டிரக்கா, காரா?

கேள்வி: அமெரிக்காவில் தம்பி ஃபோர்டு மேவரிக் பிக்கப் வாங்கப் பார்க்கிறான். 'அது கார்தான், டிரக் இல்லை' என்று நண்பர்கள் தடுக்கிறார்களாம். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஃபோர்டின் பெரிய பிக்கப்பான எஃப்-150 போலத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது பாடி ஏற்றிய வண்டி இல்லை அது. காரைப் போல இரண்டும் ஒன்றாகப் பற்றவைத்தது. ஆனாலும் சுமார் 1,500 பவுண்டு (680 கிலோ) சுமக்கும். என்னைக் கேட்டால், அது டிரக்தான்.

அந்த 680 கிலோவில் ஆட்களும் அடக்கம் என்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். நாலு பேர் 300 கிலோ என்றால் சாமானுக்கு மிச்சம் 380. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் அந்தந்த வண்டிக்கான கணக்கு இருக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். அரை கன கெஜம் ஈர மணலே ஏறக்குறைய 680 கிலோ. ஓட்டுநரும் ஏறினால் வரம்பு தாண்டும்.

டிரெய்லர் இழுக்க சாதாரணமாக 2,000 பவுண்டு, டோ பேக்கேஜ் (இழுவைக்கென ஃபோர்டு பொருத்தித் தரும் கூடுதல் வசதிகள்) இருந்தால் 4,000. டிரெய்லர் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மீது அழுந்தும். அதையும் அந்த 680 கிலோவில் கழிக்கணும். வெறும் ஹிட்ச் மட்டும் வாங்கி மாட்டினால் போதாது: கியர்பாக்ஸ் ஆயில் கூலர் இல்லாமல் மலை ஏறினால் சூடேறிவிடும்.

சாமான் ஏற்றும் பின்பெட்டியின் நீளம் நாலரை அடிதான். எட்டடி பிளைவுட்டை டெயில்கேட்டை (பின்கதவை) பாதி திறந்து, சக்கர மேடுகள் மேல் படுக்கவைத்துக் கட்டணும். வாரம் தவறாமல் 4,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் வேலையா? எஃப்-150 பக்கம் போகச் சொல்லுங்கள்.