இரண்டு முறை தோற்ற தம்பி மூன்றாவது முறையும் மோதலாமா?

கேள்வி: என் தம்பி தொழில்முறை ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரன். வயது 33. போன ஆண்டு ஒரு வீரரிடம் பத்துச் சுற்றுப் போட்டியில் புள்ளிக் கணக்கில் தோற்றான். ஏழு மாதம் கழித்து அதே வீரருடன் மறுபோட்டி நடந்தது. ஒன்பதாவது சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார். இப்போது மூன்றாவது போட்டி வேண்டும் என்று துடிக்கிறான். நான்கு மாதத்தில் நடத்தத் தயார் என்று போட்டி அமைப்பாளரும் சொல்கிறார். போட்டியின்போது அவன் மூலையில், சுற்றுகளுக்கு இடையே அவனைக் கவனித்துக்கொள்ள நிற்பவன் நான். ஒப்பந்தங்களையும் நானே பார்க்கிறேன். இரண்டு போட்டிகளின் காணொளியையும் அனுப்பியிருக்கிறேன். சம்மதிக்கலாமா?

பதில்: நான்கு மாதத்தில் நடக்கும் போட்டிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்றாவது மோதலே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை அடுத்த ஆண்டு பேசலாம்; அதுவும் சில காரியங்கள் நடந்து முடிந்திருந்தால் மட்டும். தம்பியிடம் இதை எடுத்துச் சொல்லப் போகிறவர் நீங்கள் என்பதால், ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய காணொளிகளை ஒலியை அணைத்துவிட்டு மூன்று முறை பார்த்தேன். வர்ணனையும் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்தால், படாத அடிகூடப் பட்டதுபோலத் தெரியும். முதல் போட்டியில் நான்காவது சுற்று வரை உங்கள் தம்பியின் இடது கை அருமையாக வேலை செய்கிறது. ஜாப், அதாவது முன்னால் நீட்டியிருக்கும் கையால் விடும் குத்து, நேராகப் போகிறது, போன வழியிலேயே தாடைக்குத் திரும்பி வருகிறது. ஐந்தாவது சுற்றில் திரும்பும் வழி மாறிவிடுகிறது. கை நேராக வராமல் மார்பளவுக்குத் தாழ்ந்து, ஒரு வளைவு வளைந்து மேலே ஏறுகிறது. தோள் களைத்துவிட்டதன் அடையாளம் அது. எதிராளி அதை ஏழாவது சுற்றில் கண்டுகொள்கிறார். அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாக வலது கையை விடத் தொடங்குகிறார். கடைசி நான்கு சுற்றுகள் கைமாறியது அதனால்தான்.

இரண்டாவது போட்டியில் அவர் ஏழாவது சுற்று வரை காத்திருக்கவில்லை. இரண்டாவது சுற்றிலேயே அரை அடி பின்வாங்குகிறார். தம்பியின் ஜாபை வரவழைக்கிறார். அது தாழும் கணத்தில் வலது கை வந்து இறங்குகிறது. எட்டாவது சுற்றில் தம்பி விழுந்தது அந்த அடியில்தான். ஒன்பதாவது சுற்றில் கயிற்றோரம் தம்பியின் கால்கள் கேட்காமல் போனதும் அதே அடிக்குப் பிறகுதான். முதல் போட்டி முடிந்ததும் இரண்டு முகாம்களும் ஒரே காணொளியைத்தான் போட்டுப் பார்த்திருக்கும். அதிலிருந்து பாடம் எடுத்தது ஒரு முகாம் மட்டும்.

மறுபோட்டி என்றதும் எல்லோரும் கேட்பது, ‘இந்த முறை ஜெயிக்க முடியுமா?’ என்பதைத்தான். நான் முதலில் கேட்பது, ‘சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் என்ன மாறியிருக்கிறது?’ என்று. உங்கள் கடிதத்தில் தம்பியின் ஆவேசம் இருக்கிறது, அமைப்பாளரின் சம்மதம் இருக்கிறது. மாற்றம் என்று ஒரு வரிகூட இல்லை.

இதே குறை அமெரிக்க ஹெவிவெயிட் வீரர் ஜோ லூயிஸிடமும் இருந்தது. ஜாப் விட்டதும் இடது கையைத் தாழ விடும் பழக்கம். ஜெர்மன் வீரர் மேக்ஸ் ஷ்மெலிங் அதை முன்கூட்டியே கவனித்து வைத்திருந்தார். 1936 ஜூனில் நியூயார்க்கில் அந்த இடைவெளியில் வலது கையை மீண்டும் மீண்டும் விட்டு, பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸை வீழ்த்தினார். அதுவரை தோல்வியே அறியாத இளைஞர் லூயிஸ். அவர் உடனே ஷ்மெலிங்கைத் தேடிப் போகவில்லை. இரண்டே மாதத்தில் ஜாக் ஷார்க்கியுடன் மோதி வென்றார்; தொடர்ந்து பலருடன் மோதினார்; 1937 ஜூனில் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். ஷ்மெலிங்கை மறுபடி சந்தித்தது 1938 ஜூனில். அந்தப் போட்டி 124 விநாடிகளில் முடிந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் பயிற்சிக்கூடத்தில் மட்டும் இருந்துவிடவில்லை, வெவ்வேறு எதிராளிகள் முன்னால் நின்றார் என்பதைக் கவனியுங்கள். பழக்கம் பையை அடித்து மாறுவதில்லை. திருப்பி அடிக்கிற ஆளுக்கு முன்னால்தான் மாறும்.

அடுத்து, தோல்வி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். முதலில் நெருக்கமான புள்ளிக் கணக்கு, பிறகு ஒன்பதாவது சுற்றில் நிறுத்தம். இடைவெளி விரிந்திருக்கிறது. டைசன் ஃப்யூரி அளவுக்குத் திறமையும் உடற்கட்டும் உள்ளவருக்கே இது நடந்தது. 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைன் வீரர் ஒலெக்ஸாண்டர் உஸிக்கிடம் அவர் தோற்றபோது மூன்று புள்ளி நடுவர்களில் ஒருவர் ஃப்யூரி பக்கம் இருந்தார். டிசம்பரில் மறுபோட்டி. மூவருமே 116-112 என்று உஸிக்குக்குக் கொடுத்தார்கள். எதிராளியை நன்றாகப் படித்துக்கொள்கிறவரோடு மோதும்போது ஒவ்வொரு சுற்றும் அவருக்குப் பாடமாகிவிடுகிறது. உங்கள் தம்பியின் எதிராளி அந்த ரகம் என்று இந்த இரண்டு காணொளிகளே சொல்கின்றன.

அவசர மறுபோட்டி எப்படி முடியும் என்பதற்கு ஜோ ஜாய்ஸ் ஓர் உதாரணம். 2023 ஏப்ரலில் ஜாங் ஜிலெய்யின் இடது கை அடிகளில் ஜாய்ஸின் வலது கண் வீங்கி மூடிக்கொள்ள, ஆறாவது சுற்றில் போட்டி நிறுத்தப்பட்டது. ஐந்தே மாதத்தில் மறுபடி மோதினார். மூன்றாவது சுற்றில் நாக்அவுட்.

‘மூன்றாவது முறை ஜெயித்தவர்களே இல்லையா?’ என்று தம்பி கேட்பார். இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தவர் ஜெர்சி ஜோ வால்காட். எஸார்டு சார்ல்ஸிடம் 1949-இலும் 1951 மார்ச்சிலும் தோற்றவர், அதே 1951 ஜூலையில் பிட்ஸ்பர்க்கில் ஏழாவது சுற்றில் ஒரே இடது கை ஹூக்கில் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) அவரை வீழ்த்திப் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 37. இந்தக் கதையை நானே பலரிடம் ஆசையோடு சொல்லியிருக்கிறேன். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும்: முதல் இரண்டு தோல்விகளிலும் அவர் 15 சுற்று முடியும் வரை நின்றவர். சார்ல்ஸால் அவரை நிறுத்த முடிந்ததில்லை. இதே வால்காட் 1952-இல் ராக்கி மார்சியானோவிடம் பதின்மூன்றாவது சுற்றில் நாக்அவுட் ஆனார். எட்டு மாதத்தில் மறுபடி மோதியபோது முதல் சுற்றைத் தாண்டவில்லை.

இன்னொரு பக்கம் டியான்டே வைல்டர். ஃப்யூரியுடன் 2018-இல் சமன். 2020 பிப்ரவரியில் ஏழாவது சுற்றில் அவருடைய மூலையிலிருந்தே, போதும் என்பதற்கு அடையாளமாகத் துண்டு வீசப்பட்டு நிறுத்தம். ஒப்பந்தத்தில் உரிமை இருந்ததால், நடுவர் மன்றம் வரை போய் மூன்றாவது போட்டியைப் பெற்றார். பயிற்சியாளரையும் மாற்றினார். 2021 அக்டோபரில் நான்காவது சுற்றில் ஃப்யூரியை இரண்டு முறை தரையில் தள்ளினார். அவருடைய வீரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பதினொன்றாவது சுற்றில் விழுந்தவரால் தொடர முடியவில்லை. அந்த இரவில் அவர் வாங்கிய அடிகளை நான் மறக்கவில்லை. அதன் பின் 2023-இல் ஜோசப் பார்க்கரிடம் புள்ளிகளில் தோற்றார், 2024-இல் ஜாங் ஜிலெய் ஐந்தாவது சுற்றிலேயே அவரை முடித்தார். பழைய வைல்டரை நாம் அப்புறம் பார்க்கவேயில்லை என்பது என் கருத்து.

இங்கே உடம்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஹெவிவெயிட்டில் எடைக்கு மேல் வரம்பு கிடையாது. நூறு கிலோவுக்கு மேல் உள்ள ஒருவர் முழு உடலையும் திருப்பி விடும் அடி தலையில் இறங்கும்போது, மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குகிறது. குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் மூளைப் பாதிப்பை மருத்துவ உலகம் 1928-ஆம் ஆண்டிலேயே விவரித்துவிட்டது. ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் தலைக்கவசம் அணிகிறாரே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. நிறுத்தப்பட்ட வீரருக்குக் குத்துச்சண்டை ஆணையம் விதிக்கும் மருத்துவ ஓய்வு என்பது குறைந்தபட்ச அளவுதான். அது முடிந்த மறுநாளே ஸ்பாரிங் தொடங்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. எம்ஆர்ஐ எடுங்கள். நரம்பியல் மருத்துவரிடம் நினைவாற்றல், எதிர்வினை வேகம் இரண்டுக்கும் சோதனை செய்து, பழைய பதிவு இருந்தால் ஒப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களும் கவனிக்க வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்கிறாரா? தூக்கம் கெட்டிருக்கிறதா? சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுகிறாரா? பயிற்சி முடிந்து வரும் இரவுகளில் தலைவலி என்று படுத்துவிடுகிறாரா? ஒன்று இருந்தாலும் மூன்றாவது போட்டி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. இந்த ஓர் இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பணம். அமைப்பாளர் இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பதற்குக் காரணம், இரண்டு பெயர்களும் ஏற்கெனவே விலை போனவை. முதல் மறுபோட்டியைப் பல நேரம் ஒப்பந்தமே தரும். மூன்றாவதைப் பெரும்பாலும் பேசித்தான் வாங்க வேண்டும், தோற்றவருக்குப் பேரம் பேசும் பலம் குறைவு. அதனால் ஒரே போட்டிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் வேறு எதிராளியுடன் ஒரு போட்டி, அதில் தம்பி வென்றால் மூன்றாவது மோதல் என்று இரண்டு போட்டி ஒப்பந்தமாகக் கேளுங்கள். இடையில் ஒரு வெற்றி இருந்தால் பங்கும் கூடும். உங்கள் பழைய ஒப்பந்தத்தில் ஏதாவது உரிமை மிச்சமிருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அந்த இடைப்போட்டியின் எதிராளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் உங்கள் திறமை இருக்கிறது. எளிதாக விழக்கூடியவர் வேண்டாம்; மூன்று சுற்றில் முடிந்தால் தம்பியின் தோள் களைக்கவே களைக்காது, கை தாழ்கிறதா என்று தெரியாது. எட்டு, பத்துச் சுற்று நிற்கக்கூடிய, வலது கையை நம்பும் ஒருவர் வேண்டும். ஏழாவது சுற்றில் ஜாப் எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். தாடைக்கு வந்தால் நாம் அடுத்ததைப் பேசலாம். புதிய கண் ஒன்றும் தேவை. லெனாக்ஸ் லூயிஸ் 1994-இல் ஆலிவர் மெக்காலிடம் இரண்டாவது சுற்றில் தோற்ற பிறகு, மெக்காலின் பயிற்சியாளராக இருந்த இமானுவேல் ஸ்டூவர்டையே தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். நான்கு பேருடன் மோதிய பிறகு, 1997-இல்தான் மெக்காலைச் சந்தித்து வென்றார். இப்போதுள்ள பயிற்சியாளரை அனுப்பிவிடச் சொல்லவில்லை. இரண்டு போட்டிகளிலும் இந்தக் கை அவர் கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் திருத்த முடியவில்லை. கூட இன்னொருவர் இருக்கட்டும்.

வயது 33 என்று அவசரப்படுகிறீர்களோ என்று தோன்றுகிறது. ஹெவிவெயிட்டில் அது முதுமை அல்ல. ஜார்ஜ் ஃபோர்மன் 1994-இல் பட்டத்தைத் திரும்பப் பெற்றபோது வயது 45. ஓர் ஆண்டு காத்திருப்பதால் தம்பி எதையும் இழந்துவிட மாட்டார்.

கடைசியாக உங்களைப் பற்றி ஒன்று. மூலையில் நிற்கும் அண்ணன் மிகவும் கஷ்டமான இடத்தில் நிற்கிறார். 1975-இல் மணிலாவில், கண்கள் வீங்கி அடி வருவதே தெரியாத நிலையில் இருந்த ஜோ ஃப்ரேஸியரைக் கடைசிச் சுற்றுக்கு அனுப்ப அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் மறுத்தார். ஃப்ரேஸியர் போக வேண்டும் என்றுதான் சொன்னார், ஃபட்ச் விடவில்லை. எட்டாவது சுற்றில் தம்பி விழுந்து எழுந்து, சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது காணொளியில் உங்கள் முகத்தையும் பார்த்தேன். துண்டு உங்கள் தோளில்தான் இருந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. தம்பி எழுந்து போகிறேன் என்று சொல்லும்போது அண்ணனால் மறுக்க முடிவதில்லை. ஆகவே இனி எந்தப் போட்டியானாலும் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே நீங்களும் தம்பியும் பயிற்சியாளரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அது நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது.

இந்த வாரம் அமைப்பாளருக்குப் பதில் சொல்வதற்கு முன் தம்பியோடு உட்கார்ந்து இரண்டாவது போட்டியைப் போடுங்கள், ஒலி இல்லாமல். எட்டாவது சுற்றில் அவர் விழுவதற்குப் பத்து விநாடி முன்னால் நிறுத்திவிட்டு, ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். நடுவர் அவசரப்பட்டுவிட்டார், அன்று உடம்பு சரியில்லை, அவனுக்கு அதிர்ஷ்டம் என்று பேச்சு போனால் அமைப்பாளரிடம் இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவராகவே திரையில் தன் இடது கையைத் தொட்டுக் காட்டினால், அன்றே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள், இடைப்போட்டிக்கு யார் பொருத்தம் என்று சேர்ந்து பார்ப்போம்.