ஃப்ரீஸ்டைலில் சேரும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மகள் 'ஃப்ரீஸ்டைல்' மல்யுத்தத்தில் சேர ஆசைப்படுகிறாள், டி.வி.யில் நாற்காலியைத் தூக்கி அடிக்கிறார்களே, அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. அதில் யார் ஜெயிப்பார் என்பதை முன்பே பேசிவைத்திருப்பார்கள். பள்ளிப் போட்டியில் நடப்பது ஒலிம்பிக் மல்யுத்தம்.

'ஃப்ரீஸ்டைல்' என்ற சொல்லின் பொருள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நீச்சலில் எந்தப் பாணியிலும் நீந்தலாம். ஆனாலும் வேகத்துக்காக எல்லோரும் கைகளை மாறி மாறி வீசும் 'கிரால்' பாணியில்தான் நீந்துகிறார்கள். ராப்பில், எழுதிவைக்காமல் அந்த நிமிடமே கட்டிப் பாடுவது. மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே பிடிக்கலாம், காலையும் பயன்படுத்தலாம். ஒலிம்பிக் மல்யுத்தத்தின் இன்னொரு பிரிவான கிரேக்க-ரோமனில் இரண்டுக்கும் தடை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டுமே உண்டு. சாக்‌ஷி மாலிக் 2016-ல் வெண்கலம் வென்றது இதில்தான். எனவே எந்தப் பிரிவு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றி. 2024 பாரிஸில் வினேஷ் போகட் 50 கிலோ இறுதிப் போட்டியை இழந்தது எடை வெறும் 100 கிராம் கூடியதால். எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்துவது, ஸ்வெட்டர் போட்டு ஓடவைப்பது என்று பயிற்சியாளர் ஆரம்பித்தால் உடனே தடுத்துவிடுங்கள். வளரும் பிள்ளை அடுத்த எடைப் பிரிவுக்குப் போவது இயல்பு, அங்கேயே மோதட்டும்.

சேர்க்கும் முன் ஒரு மாலை பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். மல்யுத்த விரிப்பை (மேட்) தினமும் கிருமிநாசினியால் துடைக்கிறார்களா? இல்லையென்றால் படர்தாமரை ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் தொற்றும். பிள்ளைகள் நகம் வெட்டியிருக்கிறார்களா? காது மடலில் அடிபட்டு வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். விட்டால் வீக்கம் இறுகி அப்படியே நின்றுவிடும்.

விளையாட்டு ஒதுக்கீட்டை நம்பிச் சேர்க்கிறீர்கள் என்றால், சான்றிதழில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'நேஷனல்' என்று பெயர் வைத்து, நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மெடல் தருகிற தனியார் போட்டிகள் நிறைய. அவை செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனமோ பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ நடத்தியதா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். மத்திய அரசு வேலைக்கான சான்றிதழ், தேசியப் போட்டி என்றால் படிவம் 2-லும், தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் படிவம் 4-லும் இருக்க வேண்டும். போட்டி முடிந்த கையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு பொறுப்பாளர்கள் மாறினால் அலைச்சல்தான். பெயர், பிறந்த தேதி இரண்டும் பள்ளிப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள்.