வாசகர் கேள்வி – பதில்: மேரி வார்னக்கின் பட்டங்களும் அறிக்கைகளும்

சென்ற இதழில் வந்த சிறப்புக் கல்வி பற்றிய கட்டுரையில் பிரிட்டிஷ் கல்வியாளர் மேரி வார்னக்கின் பெயர் இடம்பெற்றிருந்தது. அதையொட்டிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ஒரு புத்தகத்தில் 'டேம்', இன்னொன்றில் 'பேரனஸ்', வேறொன்றில் வெறும் 'மேரி வார்னக்'. பரீட்சையில் எதை எழுதுவது? – பி.எட். மாணவி, மார்த்தாண்டம்

எந்த வருடத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். சிறப்புக் கல்வி பற்றி அவர் தலைமையிலான குழு 1978-ல் அறிக்கை தந்தபோது அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. மேரி வார்னக் என்று எழுதினால் போதும். 1984-ல் டி.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசு விருது கிடைத்து 'டேம் மேரி வார்னக்' ஆனார். 'டேம்' வந்தால் முதற்பெயர் கட்டாயம் கூட வர வேண்டும். 1985-ல் ஆயுள்காலப் பிரபுவாக, அதாவது பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் ஆயுள்கால உறுப்பினராக்கப்பட்டு 'பேரனஸ் வார்னக்' ஆனார். இங்கே முதற்பெயர் வராது. 'பேரனஸ் மேரி வார்னக்' என்பது கைடுகளில் வழிவழியாக வரும் பிழை. 2017-ல் கிடைத்த 'கம்பானியன் ஆஃப் ஆனர்' ஒரே நேரத்தில் 65 பேருக்கு மேல் வைத்திருக்க முடியாத கௌரவம். ஆனாலும் அதற்கு முன்னொட்டு கிடையாது, பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து மட்டும்தான்.

கேள்வி: இந்தப் பிரபுப் பட்டம் பிள்ளைகளுக்குப் போகுமா? நம் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி மாதிரிதானா இது? – வழக்கறிஞர், தக்கலை

போகாது. 1958-ஆம் ஆண்டு ஆயுள்காலப் பிரபுக்கள் சட்டத்தின்படி பட்டம் அவரோடு முடிந்துவிடும். பிரதமர் பரிந்துரைக்க, அரசர் அல்லது அரசி முத்திரையிட்ட ஆணை பிறப்பிப்பார். பட்டத்தோடு ஓர் ஊரும் ஒட்டிக்கொள்வதுண்டு. வார்னக்குக்கு அவர் பிறந்த வின்செஸ்டர் நகரின் வீக் பகுதி. பிறகு இரண்டு பிரபுக்கள் துணைக்கு வர, சிவப்பு அங்கியோடு சபைக்குள் போய் உறுதிமொழி எடுக்க வேண்டும். வார்னக் எந்தக் கட்சியிலும் சேராமல் கட்சி சாராதவர்களுக்கான குறுக்கு இருக்கையில் உட்கார்ந்தவர். பிரபுவின் மனைவி 'லேடி' ஆவார், ஆனால் பேரனஸின் கணவருக்கு ஒன்றும் கிடைக்காது. தத்துவ அறிஞரான அவர் கணவர் ஜெஃப்ரி 1986-ல் 'சர்' ஆனது தன் சொந்தக் கணக்கில்.

நம் மாநிலங்களவையில் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 பேருக்கு ஆறு ஆண்டுதான் பதவி. அங்கே ஆயுள் முழுக்க. விரும்பினால் ஓய்வு பெறலாம் என்ற வழி 2014 சட்டத்தில்தான் வந்தது. அதைப் பயன்படுத்தி 2015-ல் வார்னக் விலகினார். நம் அரசியலமைப்பின் 18-வது பிரிவு பட்டங்களையே ஒழித்துவிட்டது. பத்ம விருதைக்கூடப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபிளெக்ஸ் பேனர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை.

கேள்வி: அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவரா, கமிட்டிகளில் மட்டும் இருந்தவரா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குளச்சல்

இரண்டும்தான். 1949 முதல் 1966 வரை ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியில் தத்துவம். அதை விட்டுவிட்டு 1972 வரை ஆக்ஸ்ஃபோர்டு ஹைஸ்கூல் என்ற பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியை. கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கி வருகிறவர்கள் எந்த நாட்டிலும் அபூர்வம். 1984 முதல் 1991 வரை கேம்பிரிட்ஜ் கிர்ட்டன் கல்லூரியின் தலைவர். 2019 மார்ச்சில், 94 வயதில் காலமானார்.

கேள்வி: 1978 அறிக்கையில் அப்படி என்ன புதிதாக இருந்தது? பிறகு அவரே அதை மறுத்தார் என்கிறார்களே? – சிறப்பாசிரியர், தோவாளை

அதுவரை இங்கிலாந்தில் ஊனத்தின் பெயரை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். எந்த வகை என்று முத்திரை குத்தி, அதற்குரிய பள்ளிக்கு அனுப்புவார்கள். வார்னக் குழு கேள்வியையே மாற்றியது: இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்காதே, படிக்க என்ன உதவி தேவை என்று கேள். அப்படிக் கேட்டால் பள்ளிக் காலத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு உதவி தேவைப்படும் என்று கணக்கிட்டது. பெரும்பாலோர் ஏற்கெனவே சாதாரணப் பள்ளியில்தான் இருந்தார்கள்.

இணைப்பை மூன்று படியாகவும் பிரித்தது: ஒரே வளாகத்தில் இருப்பது, சேர்ந்து சாப்பிட்டு விளையாடுவது, ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிப்பது. உங்கள் பள்ளியிலேயே பாருங்கள். சத்துணவு வரிசையில் பிள்ளை எல்லாரோடும் நிற்கும், மணி அடித்ததும் தனி அறைக்குப் போய்விடும். அது இரண்டாம் படி. பதிவேட்டில் மூன்றாம் படியாக எழுதிவிடுகிறோம்.

சிக்கல் சட்டமானபோது வந்தது. 1981 கல்விச் சட்டம், அதிக உதவி தேவைப்படும் பிள்ளைக்கு, என்ன உதவி என்று குறிக்கும் 'ஸ்டேட்மென்ட்' என்ற ஆவணம் தரச் சொன்னது. யாருக்குத் தருவது என்பதற்குத் தெளிவான அளவுகோல் இல்லை, கூடுதல் பணமும் இல்லை. தேவையை மதிப்பிடுவதும் செலவைக் கொடுப்பதும் ஒரே உள்ளாட்சி அமைப்பு. கை இறுகாமல் என்ன செய்யும்? ஆவணம் உள்ள பிள்ளைக்கு உரிமை, இல்லாத பிள்ளைக்குப் பள்ளியின் தயவு. இதைத்தான் வார்னக் 2005-ல் எழுதிய சிறுநூலில் தாக்கினார். எல்லாப் பிள்ளையையும் பொதுப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் சிலருக்குக் கெடுதல், சிறிய சிறப்புப் பள்ளிகளும் வேண்டும் என்றார். உதவி தேவைப்படுவதைப் பார் என்ற அடிப்படையை அவர் கைவிடவில்லை. ஆகவே 'மறுத்தார்' என்று எழுதாதீர்கள். 'திருத்தினார்' என்பதே சரி. இங்கிலாந்தில் 2014 சட்டம் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவிட்டு வேறு திட்டம் கொண்டுவந்தது.

கேள்வி: என் மகனுக்கு எழுத்துகள் மாறி மாறித் தெரிகின்றன. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. இங்கே அவனுக்கு என்ன வழி சார்? – ஒரு தாய், குலசேகரம்

நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு, அம்மா. முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கேளுங்கள். சான்றிதழ் கிடைத்ததும் தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பியுங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். பள்ளிப் பதிவேடு, ஆதார், சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கட்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, விரும்பியதில் இலவசக் கல்வி பெறும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: கருவுக்கு '14 நாள்' விதி வகுத்தவரும் இவர்தானா? – ஆய்வக ஊழியர், நாகர்கோவில்

ஆமாம். ஆய்வகத்தில் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் வளர்த்து ஆய்வு செய்யக் கூடாது என்பதே அந்த விதி. செயற்கைக் கருத்தரிப்பு, கரு ஆய்வு பற்றிப் பிரிட்டிஷ் அரசு 1982-ல் அமைத்த குழுவுக்கு அவர் தலைவர், அறிக்கை 1984-ல். சுமார் 15-ஆம் நாளில் கருவில் முதல் கோடு, அதாவது உடல் உருவாகத் தொடங்குவதன் அடையாளம், தோன்றும். அதற்கு முன் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராகலாம். தனி ஆள் என்று சொல்ல முடியாது. நாள் எண்ணிக்கை என்றால் ஆய்வகத்தில் யாரும் சரிபார்க்கலாம், வாதத்துக்கு இடமில்லை. 1990-ல் அது பிரிட்டனில் சட்டமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வு நெறிமுறைகளிலும் அதே 14 நாள்தான். அதற்குள் கோடு தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும்.